ரிமோட்டுக்கு எவ்வளவு காசு போடலாம்?

பிளேன் பறக்கவிட ஆசைப்பட்டு எங்களிட்ட வாற ஆக்கள் முதல் கேட்கிற கேள்வி பிளேனைப் பற்றியது இல்லை. "ரிமோட் எது வாங்குற? நல்லதா ஒண்ட ஒரேயடியா வாங்கவா, இல்லாட்டி மலிவுல ஒண்டோட தொடங்கவா?" இதுக்கு யூடியூப்பில் ஒரு பதில் தயாராக இருக்கும். பிளேன் விழும், உடையும். ரிமோட் உங்கட கையிலேயே இருக்கும், பத்து வருடம் போகும். ஆகவே காசைக் கொட்டுறதென்றால் ரிமோட்டில் கொட்டுங்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. சம்பளமும், பக்கத்திலேயே ஒரு பறத்தல் கழகமும், பொழுதுபோக்குச் சாமான் கடையும் உள்ள ஊரில் அது சரியும்கூட.

எங்கட நிலைப்பாட்டை முதலே சொல்லிடுறம். மட்டக்களப்பில் இருந்துகொண்டு, படிக்கிற பிள்ளைகளின் காசில் இந்த விளையாட்டுக்குள் வாற ஆக்களுக்கு, விலை கூடின ஒரு ரிமோட்டை விட மலிவான ரெண்டு ரிமோட் நல்லது. (கலைப்பீடத்து ஆக்களுக்கு இதெல்லாம் என்னத்துக்கு என்று கேட்கிறவர்களுக்கு: பறக்கிறதுக்கு இசட் ஸ்கோர் கேட்கிறதில்லை.)

நாங்கள் 'ரிமோட்' என்று சொல்றது ட்ரான்ஸ்மிட்டரை. அதில் ரெண்டு குச்சி இருக்கும். குச்சியை அசைத்தால் அந்த அசைவு 2.4 கிகாஹேர்ட்ஸ் ரேடியோ அலையாகப் போய், பிளேனுக்குள் இருக்கிற ரிசீவரில் விழும். அது மோட்டருக்கும், இறக்கையையும் வாலையும் அசைக்கிற சேர்வோக்களுக்கும் சொல்லும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு சனல். சாதாரண பிளேனுக்கு நாலு சனல் காணும், ஆறு இருந்தால் தாராளம். 1898இல் நியூயோர்க்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு தொட்டித் தண்ணியில் சின்னப் படகை ரேடியோவால் ஓட்டிக் காட்டினார். அடிப்படை அன்றைக்கு இருந்ததுதான்.

2.4 கிகாஹேர்ட்ஸ் வருமுன் இந்த விளையாட்டு வேற மாதிரி இருந்தது. ஒவ்வொரு ரிமோட்டிலும் ஒரு கிறிஸ்டல், ஒவ்வொரு கிறிஸ்டலுக்கும் ஒரு அலைவரிசை. மைதானத்தில் ஒரு பலகை வைத்து, பறக்கவிடுறவர் தன்ர அலைவரிசைக்குரிய கிளிப்பை எடுத்துக்கொண்ட பிறகுதான் ரிமோட்டைப் போடலாம். அதே அலைவரிசையில் இன்னொருவர் தெரியாமல் போட்டால், வானத்தில் நிக்கிற பிளேன் கீழே. அந்தக் காலத்தில் நல்ல ரேடியோவுக்கும் மட்டமான ரேடியோவுக்கும் இடையில் உண்மையிலேயே ஒரு பிளேன் அளவு வித்தியாசம் இருந்தது. 2005க்குப் பிறகு ஸ்பெக்ட்ரம் போன்ற கொம்பனிகள் 2.4ஐப் பொதுச் சனத்துக்குக் கொண்டுவந்தன. ரிமோட்டும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக் கதைக்கத் தொடங்கின. மலிவு ரிமோட்டுகளும் அதே முறைக்கு வந்த பிறகு அந்த வித்தியாசம் சுருங்கிப் போச்சு. யூடியூப் அறிவுரையின் பாதி அந்தப் பழைய பயத்தின் மிச்சம் என்றுதான் எங்களுக்குப் படுது.

இப்ப காசுக் கணக்குக்கு வருவம். ஆரம்ப ஆக்கள் உலகம் முழுக்க வாங்குற ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 மாதிரி ஒரு செட், ரிசீவரோட சேர்த்து 50, 60 டொலர். ஃபுட்டாபா, யெட்டி, ஸ்பெக்ட்ரம் கொம்பனிகளின் மேல்தட்டு ரிமோட்டுகள் ஆயிரம் டொலரைத் தாண்டும். டொலரை 300 ரூபா என்று வைத்தால் முதலாவது 18,000 ரூபா, ரெண்டாவது மூன்று லட்சம். அனுப்புகூலியும் வரியும் வேற. மகாபொல காசு கன காலமாக மாதம் 5,000. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கினார்கள். அந்த 7,500ஐச் சாப்பிடாமல் அப்படியே வைத்தாலும், 40 மாதம் சேர்த்தால்தான் ஒரு மேல்தட்டு ரிமோட். பட்டப்படிப்பே முடியிற காலம். 2022இல் ரூபா விழுந்தபோது இந்தக் கணக்கு இன்னும் கேவலமாக இருந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. யாரும் ஒன்றும் செய்யாமலே மலிவு ரிமோட் மலிவில்லாமல் போச்சு.

ஆனால் முதல் வாங்குற விலை பெரிய பிரச்சினை இல்லை. யானையை வாங்குறது ஒரு நாள் செலவு, தீனி போடுறது தினச் செலவு. இங்க தீனி என்றால் ரிசீவர்.

ஒவ்வொரு பிளேனுக்கும் ஒரு ரிசீவர் வேணும். பெரிய கொம்பனிகள் தங்கட மொழியைப் பூட்டி வைத்திருக்கும். ஃபுட்டாபா ரிமோட் வாங்கினால் ஃபுட்டாபா மொழி பேசுற ரிசீவர்தான் வாங்கலாம், அது சும்மா விலையில்லை. மலிவு ரிமோட்டுக்கான ரிசீவர் 10, 15 டொலரில் வரும். இது கொழும்பில் இருக்கிறவருக்கு ஒரு கணக்கு, வாவிக்கரையில் இருக்கிற எங்களுக்கு இன்னொரு கணக்கு. ஏனென்றால் எங்கட பிளேன் விழுந்தால் பெரும்பாலும் தண்ணியில் விழும். மட்டக்களப்பு வாவி உப்பும் நன்னீரும் கலந்த தண்ணி. அதுக்குள் போன ரிசீவரை உடனே எடுத்து, நல்ல தண்ணியில் கழுவி, வெயிலில் காயவிட்டால் சிலவேளை பிழைக்கும். ஒரு இரவு அப்படியே விட்டால் செப்புக் கால்களில் பச்சை பூத்துவிடும். ரிமோட் கையில் இருக்கும் என்பது உண்மை. அந்தக் கையில் இருக்கிறதோட பேசுற சாமான் வாவிக்குள் போய்க்கொண்டிருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேணும்.

இன்னொன்று, தூரம். விலை கூடின ரிமோட்டை விற்கிறவர்கள் கிலோமீற்றர் கணக்கில் சொல்லுவார்கள். ஒரு மீற்றர் இறக்கையுள்ள ரிஜிபோம் பிளேனை முந்நூறு, நானூறு மீற்றருக்கு அப்பால் விட்டுப் பாருங்கள். வாறதா போறதா என்று தெரியாது. தண்ணிக்கு மேல இன்னும் மோசம், மரம் மட்டை ஒன்றும் இல்லாததால் தூரத்தை அளக்க முடியாது. மலிவு ரிமோட்டின் அலை முடியுமுன் எங்கட கண் முடிந்துவிடும்.

இனி, ஏன் ரெண்டு ரிமோட் என்றதுக்கு வருவம். பிளேன் பறக்கவிடுறது புத்தகத்தில் படிக்கிற வித்தை இல்லை. பிளேன் உங்களை விட்டுப் போகும்போது வலம் வலம்தான். திரும்பி உங்களைப் பார்த்து வரும்போது வலம் இடமாகிவிடும். இதை மூளைக்குச் சொல்லலாம், விரலுக்குச் சொல்ல முடியாது. விரல் பழகுறதுக்குள் பிளேன் நிலத்தில் கிடக்கும். அதுக்குத்தான் 'ட்ரெய்னர்' முறை. ரெண்டு ரிமோட்டையும் ஒரு கேபிளால் இணைக்கிறது. தெரிந்தவர் ஒரு சுவிட்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை பிளேன் பழகுறவர் கையில். ஏதும் பிழைத்தால் சுவிட்சை விட்டால் போதும், அந்தக் கணமே பிளேன் தெரிந்தவரிடம் வந்துவிடும். எஃப்எஸ்-ஐ6இலும் இந்த வசதி இருக்கு. சைக்கிள் பழக்கும்போது பின்னால சீற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுற கை மாதிரி. மூன்று லட்சத்து ரிமோட் ஒன்று தனிய இருந்தால் அந்தக் கை இல்லை.

இதில் இன்னொரு விசயமும் இருக்கு, யாரும் பெரிசாகக் கதைக்கிறதில்லை. விலை கூடின சாமான் கைமாறாது. "தா, ஒருக்காப் பாப்பம்" என்றால், "இரு மச்சான், மறுகா தாறன்" என்ற பதில்தான் வரும். குற்றம் சொல்ல ஏலாது, எங்கட காசென்றால் நாங்களும் அப்படித்தான் சொல்லுவம். ஆனால் அந்த 'மறுகா' வாறதே இல்லை. ஒருவர் பறக்கவிடுவார், ஏழு பேர் சுற்றி நின்று வீடியோ எடுப்பார்கள். அந்த ஏழில் பெட்டைகள் கட்டாயம் இருப்பார்கள். எங்கட கூட்டத்தில் பெட்டைகளின் கைக்கு ரிமோட் போனது ரெண்டாவது செட் வந்த பிறகு. அதுக்கு முதல் யாரும் தடுத்தது கிடையாது, முறைதான் வரவில்லை. கரையில் நின்று பார்த்த ஒரு மாமி, "புள்ள, நீயா விடுறாய்?" என்று கேட்டுவிட்டு அரை மணித்தியாலம் போகாமல் நின்றா.

விலை கூடின ரிமோட் வீண் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதுக்குரிய இடம் இருக்கு. சென்னை குரோம்பேட்டை எம்ஐடியின் தக்ஷா மாணவர் குழுவுக்கு 2018இல் நடிகர் அஜித் குமார் ஆலோசகராக இருந்தது எல்லாருக்கும் தெரியும். அந்த வருடம் அவுஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் வந்தது. அப்படியான வேலையில், அல்லது பெற்றோல் எஞ்சின் பூட்டின பல கிலோ நிறையுள்ள பிளேனில், ரேடியோ ஒரு நொடி அறுந்தாலும் ஆள் சாகலாம். அங்கே இரட்டை ரிசீவர், இரட்டை பற்றரி, நம்பகமான கொம்பனி எல்லாம் வேணும். வான்சாகசப் போட்டிக்குப் போறவருக்குக் குச்சியின் மென்மையும் முக்கியம். அரைக் கிலோ ரிஜிபோமுக்கு அதே நியாயத்தைக் கொண்டுவந்து பூட்டுறதைத்தான் ஏற்க முடியவில்லை.

மலிவிலும் ஒரு எல்லை இருக்கு, அதையும் சொல்ல வேணும். பொம்மைக் கடையில் பிளேனோட சேர்த்து ஒரே பெட்டியில் வாற ரிமோட்டை வாங்காதேங்கோ. அந்தப் பிளேன் உடைந்த அன்றைக்கு ரிமோட்டும் செத்துப்போகும், பெரும்பாலும் வேறொரு பிளேனோட அதை இணைக்க முடியாது. தனியாக ரிசீவர் வாங்கக்கூடியதுதான் ரிமோட்.

காசு கொஞ்சம் கூட இருந்தால் இப்ப நடுவில் ஒரு வழி திறந்திருக்கு. ரேடியோமாஸ்டர் பொக்கெட் 2023இல் வந்தது, விலை 65 டொலர் அளவு, பெரும்பாலும் ரிசீவர் இல்லாமல். குச்சிகள் ஹோல் சென்சரில் வேலை செய்யும், அதாவது உள்ளே உரசித் தேய்கிற பாகம் இல்லை. உப்புக் காற்று அடிக்கிற எங்கட ஊருக்கு இது சின்ன விசயம் இல்லை. உள்ளே ஓடுற எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளும், எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற ரேடியோ முறையும் திறந்த மூலம். யாரும் பார்க்கலாம், எந்தக் கொம்பனியும் அதுக்கு ரிசீவர் செய்யலாம். பூட்டில்லாத மொழி. சில வருடங்களுக்கு முன் மேல்தட்டில் மட்டும் இருந்த வசதிகள் இப்ப இந்த விலையில் கிடைக்குது என்றால் 'பட்ஜெட்', 'பிரீமியம்' என்ற பெயர்களுக்கே பழைய பொருள் இல்லை. ஆனால் மெனுக்கள் புதிய ஆளுக்குத் தலையைச் சுத்தும், அது உண்மை. எது வாங்கினாலும் கூட்டத்தில் எல்லாரும் ஒரே குடும்பத்து ரிமோட்டாக வாங்குங்கோ. அப்பத்தான் ஒருவர்ட ரிசீவர் மற்றவருக்கு உதவும். குச்சி அமைப்பும் ஒன்றாக இருக்க வேணும். நாங்கள் எல்லாரும் மோட் 2, அதாவது மோட்டர் இடக்கையில்.

பாதுகாப்புக்குத்தான் விலை கூடினது என்று வாதாடுறவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கட ரிமோட்டில் ஃபெயில்சேஃப் என்ன செய்யும் என்று செய்து பார்த்தீங்களா? இணைப்பு அறுந்தால் மோட்டர் நிற்க வேணும். எந்த விலை ரிமோட் என்றாலும் இது தானாகச் சரியாக இருக்கும் என்று நம்பக்கூடாது. முதலில் காற்றாடியைக் கழற்றுங்கோ. மோட்டரை மெல்லச் சுழலவிட்டு ரிமோட்டை அணையுங்கோ. ரிசீவர் உயிரோட இருக்கும் வரை அணைய மறுக்கிற மொடல்கள் இருக்கு, அப்ப ரிமோட் பற்றரியை இழுங்கோ. மோட்டர் நிற்காவிட்டால் அன்றைக்குப் பறத்தல் இல்லை. இதுக்குச் சதமும் செலவில்லை.

எந்த விலை ரிமோட்டும் அனுமதி வாங்கித் தராது. ரேடியோ சாமான் இறக்குமதிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, பறக்கிறதுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை, இந்த ரெண்டின் விதிகளையும் வாங்குமுன் பாருங்கோ. மட்டக்களப்பு விமான நிலையம் வாவியை ஒட்டியே இருக்கு, ஆகவே டவுன் பக்கம் வேண்டாம். 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து நாலாம் நாள் நாடு முழுக்க ட்ரோன் பறக்கத் தடை வந்தது. அதுக்கும் முதல், வன்னியில் யுத்தம் நடந்த காலத்தில், தலைக்கு மேல இரைந்துகொண்டு நின்ற வேவு விமானத்தைச் சனம் 'வண்டு' என்று சொன்னது. அந்த இரைச்சலைக் கேட்ட ஆக்கள் இப்பவும் எங்களுக்குள்தான் இருக்கிறார்கள். மோட்டர்ச் சத்தம் கேட்டு ஒரு அப்பச்சி அண்ணாந்து பார்த்தால் அது வேடிக்கையாகத்தான் இருக்கும் என்று நாங்கள் நினைக்க முடியாது. அதனால் எங்கே விடுறதென்றாலும் முதல் போய்ச் சொல்லுவம், பிளேனைக் கையில் கொடுத்துக் காட்டுவம். ரிஜிபோமைத் தூக்கிப் பார்த்தால் முகம் மாறும்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேணும், பிறகு பிளேன் சொல்லுக் கேட்காது. எங்களுக்குத் தோதான காலம் பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்த பிறகு, படுவான்கரையில். வயல் காய்ந்து வெட்டையாகக் கிடக்கும், விழுந்தாலும் தண்ணி இல்லை. இந்த முறை பழக வாறதென்று ஐந்து பேர் பெயர் தந்திருக்கினம், அதில் மூன்று பேர் பெட்டைகள். மூன்றாவது ரிமோட்டுக்குச் சேர்த்த உண்டியலில் இன்னும் நாலாயிரம் ரூபா குறையுது.