மரம் நடும் முன் புல்லைக் கணக்கெடுங்கள்

தமிழ்நாட்டின் காடு, மரப் பரப்பை ஏறத்தாழ 24 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்பது 2022-இல் தொடங்கிய பசுமை தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு. இலக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மரம் நட இடம் வேண்டும். வருவாய்த் துறைப் பதிவேடுகளைப் புரட்டினால் மேய்க்கால் புறம்போக்கு, தீர்வை ஏற்படாத தரிசு, மந்தைவெளி என்று இடம் தாராளமாகக் கிடைக்கிறது. சூரிய மின் நிலையம் அமைப்பவர்களும் இதே நிலங்களைத்தான் தேடுகிறார்கள். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் பசலிதோறும் அடங்கலில் பதிகிறார். தானாக முளைத்துத் தலைமுறைகளாக நிலைத்திருக்கும் செடிகொடிகளைப் பதிய அதில் இடமில்லை. பதிவில் இல்லாததால் நிலம் காலியாகத் தெரிகிறது. காலியாகத் தெரிவதால் எதற்கு வேண்டுமானாலும் கைமாறுகிறது. எனவே, இத்தகைய நிலங்களில் கைவைப்பதற்கு முன் அங்கே எந்தச் செடிகள் எவற்றோடு சேர்ந்து, எந்த அளவில் வாழ்கின்றன என்று கணக்கெடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

கொங்கு நாட்டில் காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்துக் கொரங்காடுகளைப் பார்த்தால் இதன் தேவை புரியும். மழை குறைந்த, சரளை மண்டிய நிலம். சுற்றிலும் முள்கிளுவைப் போத்து நட்டு வளர்த்த உயிர்வேலி. உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். சாலையில் போகிறவர் கண்ணுக்கு இவ்வளவுதான் படும். குனிந்து பார்த்தால் புல்லுக்கு இடையில் நரிப்பயறும் செப்பு நெருஞ்சியும் தரையோடு படர்ந்திருக்கும். இரண்டுமே பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சில் பிடித்து மண்ணுக்குத் தருபவை. வேலிமேல் பிரண்டையும் கோவையும் வேலிப்பருத்தியும் ஏறியிருக்கும். வெள்வேல நெற்று உதிரும் கோடையில் செம்மறிகள் அதைத் தின்று, விதையைப் புழுக்கையோடு வேறு மூலையில் போடுகின்றன. அந்த மரத்தின் நிழல் அடர்த்தி குறைந்தது என்பதால் அடியிலும் புல் நிற்கிறது. காங்கேயம் மாடு இந்த மேய்ச்சலில் உருவான இனம். இங்கே நெருக்கமாகக் குழி தோண்டி நிழல் அடர்ந்த மரங்களை நட்டால் முதலில் புல் போகும், பிறகு மாடு போகும். மரக் கணக்கு மட்டும் கூடியிருக்கும். பட்டா நிலமான கொரங்காடும் விதைக்காத ஆண்டில் அடங்கலில் வெறும் தரிசுதான்.

கணக்கெடுப்பு என்றால் பெயர்ப் பட்டியல் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு நிலத்தில் கொழுக்கட்டைப் புல் பாதித் தரையை மூடியிருக்கிறது. இன்னொரு நிலத்தில் வேலியோரமாக நாலு தூர் மட்டும் நிற்கிறது. பட்டியலில் இரண்டும் ஒன்றே; மேய்ப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. புல்வெளியில் ஒரு மீட்டர் நீள அகலமுள்ள சட்டத்தை வைத்து, அதற்குள் உள்ள ஒவ்வொரு செடியும் எவ்வளவு தரையை மூடுகிறது, வெறும் மண் எவ்வளவு, மேய்ச்சலின் அடையாளம் என்ன என்று குறிக்க வேண்டும். புதருக்கும் மரத்துக்கும் பத்து மீட்டர் சதுரம் அளக்கலாம். இப்படிப் பல இடங்களில் செய்தால்தான் எது எதோடு சேர்ந்து வாழ்கிறது என்பது துலங்கும். கோடை மழைக்குப் பின் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழையின் கடைசியில் ஒரு முறை என இரண்டு பருவங்களில் பார்த்தாக வேண்டும். ஐப்பசி மழைக்கு முளைத்து, தை முடிவதற்குள் விதையை உதிர்த்துவிட்டு மடிகிற பூண்டுகள் ஏராளம். பங்குனியில் ஆய்வுக்குப் போகிறவருக்கு அப்படி ஒன்று இருந்ததாகவே தெரியாது.

முன்கணக்கு இல்லாததன் விலையைத் தென்மாவட்டங்கள் இன்று கொடுத்துக்கொண்டிருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்த சீமைக் கருவேலம், விறகுப் பஞ்சம் தீர்க்கும், வறட்சியைத் தாங்கும் என்று நம்பிப் பரப்பப்பட்ட மரம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று கண்மாய், மேய்ச்சல் தரை எதையும் அது விட்டுவைக்கவில்லை. பிறகு அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-இல் அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்கத் தமிழக அரசு தனிக் கொள்கையே வகுத்தது. மீட்பது என்றால் எதை மீட்பது? ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கிய தரையில் முன்பு எந்தப் புல், எந்தப் புதர் இருந்தன என்ற பதிவு ஊர்வாரியாக இல்லை. கிளறிப்போட்ட மண்ணில் முதலில் முளைப்பது பெரும்பாலும் அதே சீமைக் கருவேல விதைதான்.

இதெல்லாம் ஏற்கெனவே செய்து முடித்த வேலைதானே என்று கேட்கலாம். கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915-க்கும் 1936-க்கும் இடையில் வெளிவந்தது. திருச்சி ராப்பினாட் தாவரகத்தில் கே. எம். மேத்யூ அடிகளார் 1980-களில் தமிழகச் சமவெளித் தாவரங்களை விரிவாகத் தொகுத்தார். இவை இன்றும் நமக்கு அடித்தளம். ஆனால் எந்தச் செடி எங்கே கிடைக்கும் என்று சொல்பவை, சேர்ந்து வாழும் தாவரக் கூட்டத்தின் கணக்கைச் சொல்பவை அல்ல. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1960-களில் வெளியிட்ட தாவர வரைபடங்கள் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் அமைந்தவை. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர். ஊர் மேய்ச்சல் தரை அதில் ஒரு புள்ளிகூட ஆகாது. செயற்கைக்கோள் போதும் என்போரும் உண்டு. இந்திய வன நிலை அறிக்கை, ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் பத்து விழுக்காட்டுக்கு மேல் மரக் கவிகையும் இருந்தால் எந்த மரமானாலும் காடு என்றே சேர்க்கிறது. அந்தக் கணக்கில் சீமைக் கருவேலப் புதர்க்காடு தேறிவிடும். நல்ல புல்வெளி தேறாது. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும்தான். 2020 ஜனவரிக்குள் முடிக்காத மாநிலங்களுக்கு அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. கெடுவுக்காக எழுதப்படும் பதிவேட்டில் பெயர்கள் நிரம்பும், அளவுகள் வராது. அந்தப் பதிவேட்டைக் கைவிட வேண்டியதில்லை. சர்வே எண்வாரியாகத் தாவரக் கூட்டங்களுக்கு ஓர் அத்தியாயம் சேர்த்தால் போதும்.

ஆளுக்கும் பணத்துக்கும் எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. மாவட்டந்தோறும் தாவரவியல் துறையுள்ள கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்கள் ஆண்டுதோறும் களப்பணி செய்தாக வேண்டும். செடியைச் சொல்லத் தெரிந்த மேய்ப்பர்களுக்கு நாள்கூலி கொடுத்து உடன் அழைக்கலாம். ஐயமான செடியை உலர்த்திக் கோவையிலுள்ள இந்தியத் தாவர ஆய்வகத்துக்கோ ராப்பினாட்டுக்கோ அனுப்பிச் சரிபார்க்கலாம். பிரிட்டனில் 2015 முதல் நடக்கும் தேசியத் தாவரக் கண்காணிப்புத் திட்டத்தில், ஒரு கிலோமீட்டர் சதுரங்களைப் பகிர்ந்துகொண்டு ஆண்டுக்கு இருமுறை அளப்பவர்கள் தன்னார்வலர்கள். வளர்ச்சிப் பணி தாமதமாகும் என்பது அடுத்த வாதம். இரண்டு பருவம் என்பது ஓராண்டுக்குள் அடங்கிவிடும். கால் நூற்றாண்டு நிற்கப்போகிற மின் நிலையத்துக்கு ஓராண்டு பெரிதல்ல. முன்கூட்டியே ஊர்வாரியாகச் செய்து வைத்தால் அந்தக் காத்திருப்பும் வேண்டாம்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு விவசாயிகளிடமிருந்து வரும். என் காட்டில் அரிய செடி இருக்கிறதென்று எழுதிவிட்டு நாளைக்கு வனத்துறை வந்து வேலி போட்டால் என்ன செய்வது? இந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. பட்டா நிலத்தில் நடக்கும் கணக்கெடுப்பு உரிமையாளரின் சம்மதத்தோடு மட்டுமே நடக்க வேண்டும். உரிமையையோ பயன்பாட்டையோ அது கட்டுப்படுத்தாது என்று அரசாணையிலேயே எழுத வேண்டும். மருந்துச் செடி இருக்கும் துல்லியமான இடம் பொதுவெளிக்குப் போகக் கூடாது. மாறாக, கொரங்காட்டைக் கொரங்காடாகவே வைத்திருப்பவருக்கு ஊக்கத்தொகை தர அரசு விரும்பினால், அதற்கு ஆதாரமாக நிற்கப்போவதும் இதே பதிவுதான். பொது நிலத்தில் விதி கண்டிப்பாக இருக்கட்டும்: இரு பருவக் கணக்கெடுப்பு அறிக்கை கிராம சபை முன் வைக்கப்படாத எந்தப் புறம்போக்கிலும் மரக்கன்றும் நடக் கூடாது, குத்தகையும் கூடாது. புல்வெளி என்று தெரிந்த இடத்தில் புல்லை விட்டுவிட்டு, மரம் உண்மையிலேயே அழிந்துபோன இடத்தில் அந்த மண்ணின் மரங்களை நட்டால், பசுமை இயக்கத்தின் பணமும் உழைப்பும் வீணாகாது.