கழுத்தை நீவுமுன் கண்ணைப் பாருங்கள்

புதுநன்மை வாங்கிய பிள்ளைகளைப் பீடத்தின் முன் வரிசையாக நிறுத்திப் புகைப்படம் எடுக்கும்போது, "தலையை நேராக வை, தம்பி" என்று யாரேனும் ஒரு சிறுவனிடம் இரண்டு மூன்று முறை சொல்லக் கேட்டிருப்போம். அவனும் நேராக வைப்பான். படம் கைக்கு வந்து பார்த்தால் தலை பழையபடி தோளை நோக்கிச் சாய்ந்தே இருக்கும்.

நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்றில் அப்படியொரு சிறுவன் உண்டு. அவன் தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கும். உறக்கத்தில் பிடித்துக்கொண்ட சுளுக்கு என்றார் பாட்டியார். சுளுக்கு வழிப்பதில் ஊரில் பெயர் பெற்ற பெரியவர் ஒருவர் சனிக்கிழமைதோறும் எண்ணெய் தடவிக் கழுத்தை நீவினார். சில நாள் ஒரே திருப்பாகத் திருப்பிச் சொடுக்கும் எடுத்தார். இவ்வாறு இரண்டு ஆண்டுகள் கழிந்தன. பிள்ளை கதறும்போது கைகளைப் பிடித்துக்கொள்வது தந்தையின் பொறுப்பு. கடைசியில் பள்ளியில் நடந்த கண் பரிசோதனை முகாமில் மருத்துவர் ஒருவர் அவனுடைய வலக்கண்ணைத் தம் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அவனோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் தலை தானாக நிமிர்ந்தது. கையை எடுத்தார், தலை மீண்டும் சாய்ந்தது. கோளாறு கழுத்தில் இல்லை, கண்ணில் இருக்கிறது என்றார் அவர். "ரெண்டு வருஷமா பிள்ளைய வீணா அழ வச்சிட்டோமே, சாமி" என்று அந்தத் தாய் விம்மியது இன்னும் நம் செவியில் இருக்கிறது.

கண்ணில் கோளாறு என்றால் கழுத்து ஏன் சாய வேண்டும்? ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அவற்றுள் ஒன்றின் அமைப்பு வியப்புக்குரியது. மூக்கோரமாகக் கண்குழியின் மேல்மூலையில் ஒரு சிறு வளையம் உண்டு. கிணற்றுக் கயிறு கப்பியில் திரும்புவதுபோல, அத்தசை அவ்வளையத்தில் நுழைந்து திரும்பி வந்து விழியின் மேற்புறத்தில் ஒட்டுகிறது. அதனை இயக்குவது மூளையிலிருந்து வரும் நான்காம் நரம்பு. பன்னிரண்டு இணை மூளை நரம்புகளுள் மிக மெலிந்தது அது. பிறவியிலேயோ தலையில் அடிபட்டதாலோ இவை நலிவுற்றால், அந்தக் கண் மற்றதைவிடச் சற்று மேலேறி நிற்கும். ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும். வலக்கண்ணில் இக்குறையுள்ள பிள்ளை தலையை இடத்தோள் பக்கம் சாய்த்தால் நலிந்த தசைக்கு வேலை குறைந்து, இரு காட்சிகளும் ஒன்றாகிவிடும். வலப்பக்கம் சாய்த்தாலோ விழி இன்னும் மேலேறும். இவ்வாறு இருபுறமும் சாய்த்துப் பார்க்கும் சோதனை, பீல்ஷோவ்ஸ்கி என்னும் ஜெர்மன் கண் மருத்துவரின் பெயரால் வழங்குகிறது. ஆகவே அந்தச் சாய்வு, பார்வைக்கென்று பிள்ளை தானே கண்டுகொண்ட ஊன்றுகோல். கழுத்தை எத்தனை முறை நேராக்கினாலும், கண் அதனை மீண்டும் சாய்க்கவே செய்யும்.

மாவீரன் அலெக்சாந்தரின் கழுத்து இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருந்ததென்று புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் இதே கண்குறை காரணமாயிருந்திருக்கலாமென 1996ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரையொன்று வெளிவந்தது. உறுதியாகச் சொல்ல இன்று யாராலும் இயலாது. எனினும், அந்தச் சாய்வைக் கம்பீரமென்று கருதிப் பின்பற்றியவர்களும் இருந்தார்களாம். அவனுக்குச் சுளுக்கு வழிக்க எவரும் துணிந்திருக்க மாட்டார்கள்!

கழுத்துச் சாய்வெல்லாம் கண்ணால் வருவதென்று நாம் சொல்லவில்லை. பிறந்த சில வாரங்களிலேயே குழந்தையின் கழுத்துத் தசையொன்று இறுகிக் கட்டிபோல் தட்டுப்படுவதுண்டு. அங்கே கழுத்தே விறைப்பாயிருக்கும். மறுபுறம் திருப்ப வராது. மருத்துவர் கற்றுக்கொடுத்தபடி தாய் நாள்தோறும் மெதுவாகச் செய்விக்கும் நீட்டற்பயிற்சி, முதல் ஆண்டுக்குள் தொடங்கப்பெற்றால், பெரும்பாலான குழந்தைகளுக்குக் குணம் தருகிறது. கையால் செய்யும் சிகிச்சைக்கு உரிய இடம் இது. கண்ணால் சாயும் பிள்ளைக்கோ கழுத்து எப்பக்கமும் தடையின்றித் திரும்பும். படுத்திருக்கையில் சாய்வு மறைந்துவிடுவதும் உண்டு.

கழுத்தெலும்பைச் சீர்செய்தால் மாறுகண் நேராகும் என்று வாக்களிப்போர் நம் நாட்டிலும் உண்டு, அயல்நாட்டிலும் உண்டு. 'கைரோபிராக்டிக்' என்னும் எலும்புதிருத்தும் முறை 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில், முதுகெலும்பைத் தட்டிக் காதுகேளாத ஒருவருக்குச் செவிப்புலன் தந்ததாகக் கூறிக்கொண்டே பிறந்தது. தலை அசைகையில் விழிகளை நிலைநிறுத்துவதில் கழுத்துத் தசைகளின் உணர்வுக்கும் ஒரு பங்குண்டு என்பது மெய்யே. ஆனால் பெரும்பங்கு உட்செவியினுடையது. கழுத்தின் பங்கு சிறிது. அச்சிறு பங்கைப் பிடித்துக்கொண்டு மாறுகண்ணை நேராக்கலாம் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. தீங்குக்கோ இடமுண்டு. கழுத்தெலும்புகளின் ஊடாக மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள், வெடுக்கென்று திருப்புகையில் உட்சுவர் கிழிந்து பக்கவாதத்தில் முடிந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. இதுபற்றி அமெரிக்க இருதயச் சங்கம் 2014இல் அறிக்கையே வெளியிட்டது. அத்தகைய நிகழ்ச்சி அரிதுதான். என்றாலும், முடிதிருத்தகத்தில் இலவசமாகக் கிடைக்கும் கழுத்துச் சொடுக்கை வேண்டாமென்று சொல்ல நாம் கூச்சப்படத் தேவையில்லை.

இதனினும் பெரிய இழப்பு காலம். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி வளர்க்கும் வீடுகளை நாம் அறிவோம். பிறந்த முதல் மூன்று நான்கு மாதங்களில் விழிகள் அவ்வப்போது விலகுவது இயல்பே. அதற்குப் பின்னும் விலகி நின்றால், குழப்பத்தைத் தவிர்க்கும்பொருட்டு மூளை ஒரு கண்ணின் காட்சியை ஒதுக்கத் தொடங்கும். அக்கண் பார்வை கற்காமலே சோம்பிவிடும். ஏழெட்டு வயதுக்குள் நல்ல கண்ணை மறைத்துக்கட்டிச் சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுத்தால் பெரும்பாலும் மீட்கலாம், பிந்தினால் கடினம். நான்காம் நரம்புக் குறைக்கும், அளவு சிறிதாயின் பட்டகக் கண்ணாடியும், பெரிதாயின் விழித்தசையில் அறுவையும் உண்டு. கத்தி படுவது கண்தசையில், நிமிர்வது கழுத்து.

ஆகவே தலை சாயும் பிள்ளையை யார் கையிலும் ஒப்படைக்குமுன், ஒரு கண்ணைச் சிறிது நேரம் மூடிப் பாருங்கள். பின்பு மற்றதையும் மூடிப் பாருங்கள். சாய்வு மறைந்தால் காரணம் பெரும்பாலும் கண்ணே. மறையாவிட்டாலும் கண் மருத்துவரிடம் காட்டுவதே முறை. நெடுநாட் சாய்வு சிலருக்கு உடனே நிமிராது. திடீரென்று தோன்றிய சாய்வு, அதனோடு காய்ச்சல், வாந்தி, தலைவலி, கீழே விழுந்த அடி ஆகியவற்றுள் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

செல்லும்போது பிள்ளையின் பழைய படங்களை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். சாய்வு என்று தொடங்கியதென மருத்துவர் கேட்பார். பெற்றோர் நினைவைவிடப் படங்கள் நன்றாக விடை சொல்லும். நாம் சொன்ன சிறுவனின் தாயும் தேடி எடுத்து வந்தார். முதற் பிறந்தநாள் படம் அது. பாட்டியார் மடியில் புதுச்சட்டையோடு அமர்ந்திருக்கிறான்; தலை அன்றே இடத்தோளில் சாய்ந்திருக்கிறது. பேரன் வெட்கப்படுகிறான் என்று அந்தப் படத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்களாம்.