பனைக்கு மட்டும் விலக்கு

ஹங்கேரியின் சிவப்பு ஒயினைச் சுவைத்து வந்த நண்பர் அதன் புகழைப் பாடி ஓயவில்லை. எகர், வில்லானி என்று ஊர்ப் பெயர் புட்டியிலேயே இருக்கிறதாம், மண்ணின் பெருமையாம்! இருக்கட்டும். சங்கப் புலவனும் யவனர் தேறலைப் பாடியவன்தான். ஆனால் அதற்காக அவன் உள்ளூர்க் கள்ளைப் பழித்ததில்லை.

இன்றோ, ராஜகுளத்தில் ஒருவன் பனையேறிக் கள் இறக்கினால் குற்றவாளி. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் அரசாங்கமே டாஸ்மாக் கடை வைத்துப் பிராந்தியைச் சில்லறையாக விற்கிறது! மதுவிலக்குத்தான் கொள்கையென்றால் இரண்டையும் மூடுங்கள். நானும் கை தட்டுகிறேன். பிராந்தி மட்டும் ஆகுமென்றால், கள் எப்படி ஐயா விஷமாயிற்று?

பனை நம் மாநில மரம். மரத்துக்குப் பட்டம், ஏறுகிறவனுக்கு வழக்கு! அயலூர் மண்ணை மெச்சும் நண்பரே, உள்ளூர் மண்ணுக்காகவும் ஒரு வார்த்தை பேசுங்கள்.