வயசான வேனுக்கு யார் ரீகால் கொடுப்பது?

நெமிலிச்சேரி ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு தெரு. வேப்ப மர நிழலில் நிற்கிறது அந்த வெள்ளை ஆம்னி வேன். 2010-ல் வாங்கியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் குடும்பத் தலைவருக்கு அதுதான் முதல் நான்கு சக்கர வண்டி. மூத்த மகளின் காதுகுத்து, இளைய மகளின் பள்ளி அட்மிஷன், மச்சினர் கல்யாணத்துச் சீர்வரிசை என எல்லாம் அதில்தான் போய் வந்தன.

ஆனால், கடந்த இரண்டு வருடங்களாக அந்த வண்டியை வெளியே எடுத்தாலே வீட்டில் ஒரு கேள்வி எழும். "இன்னைக்கு எங்க நிக்கப் போகுது?"

கடைசியாக நின்றது திருத்தணி போகும் வழியில். திருவள்ளூர் தாண்டியதுமே டேஷ்போர்டில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து குபுகுபுவென ஆவி. பின்னால் எழுபது வயதைத் தாண்டிய அம்மா, இரண்டு மகள்கள், பூஜைக் கூடை. நடு ரோட்டில் எல்லோரையும் இறக்கி, வெயிலில் ஒரு மணி நேரம் நின்று, ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தார்கள்.

"இந்த வண்டிக்கு அழுத காசுக்கு இன்னொரு வண்டியே வாங்கியிருக்கலாம்" என்றார் மனைவி. அம்மா மட்டும், "அவசரப்பட்டு வித்துடாதப்பா" என்றார். மூட்டுவலிக்காரரான அவருக்கு மற்ற கார்களில் குனிந்து, காலை மடக்கி உட்காருவது பெரும்பாடு. வேனின் கதவைத் தள்ளித் திறந்தால் அப்படியே ஏறி உட்கார்ந்துவிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போக அவருக்குத் தோதான வண்டி அது ஒன்றுதான்.

நான்கு பில், ஒரே நோய்

இரண்டு வருடங்களில் வண்டி 'ஹீட்' ஆனது நான்கு முறை. நான்கு முறையும் வெவ்வேறு ஒர்க் ஷாப்.

முதல் முறை, "ஹோஸ் வெடிச்சிருக்கு" என்று ரப்பர் குழாயை மாற்றினார்கள். இரண்டாவது முறை, "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்?" என்று அதைக் கழற்றி எறிந்தார்கள். மூன்றாவது முறை வாட்டர் பம்ப். நான்காவது முறை ஹெட் கேஸ்கட்டே போய்விட்டது. இன்ஜினைப் பிரித்து, ஹெட்டை லெவல் செய்து பூட்டினார்கள். ஒவ்வொரு முறையும் கிடைத்த விளக்கம் ஒன்றுதான்: "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்."

திருத்தணி சம்பவத்துக்குப் பிறகு பட்டாபிராமில் உள்ள ஒரு மூத்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். அவர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"வீட்டு போர் தண்ணிதான்ணே."

"உங்க வீட்டுல வெந்நீர் வைக்கிற பாத்திரத்தோட அடி எப்படி இருக்கும்?"

"வெள்ளையா உப்பு படிஞ்சு கெடக்கும்."

"அதே உப்புதான் சார் இதுக்குள்ளயும் படிஞ்சிருக்கு."

ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தபோது பாதிக்கு மேல் அடைத்திருந்தது. குழாய் வெடித்ததும், பம்ப் போனதும், கேஸ்கட் எரிந்ததும் தனித்தனி நோய்கள் அல்ல. ஒரே நோய் காட்டிய வெவ்வேறு அறிகுறிகள்.

ஆம்னியின் அமைப்பே இந்த நோய்க்கு வசதியானது. ரேடியேட்டர் வண்டியின் முகப்பில் இருக்கிறது. இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். இரண்டுக்கும் நடுவே நீளமான குழாய்கள். தண்ணீர் மாற்றும்போது காற்றை முழுவதுமாக வெளியேற்றாவிட்டால் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் சுற்றாது. போர் தண்ணீரிலுள்ள உப்பு சூடு பட்டதும் பாறைபோல் படிகிறது. கூலன்ட் ஊற்றினால் கொதிநிலை உயரும், துருவும் பிடிக்காது. வெறும் தண்ணீருக்கு இந்த இரண்டு குணமும் இல்லை. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காமல் தண்ணீர் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். மலிவான அந்த மூடியை யாரும் சந்தேகப்படுவதே இல்லை.

35 வருட வேன்

இந்தக் கதை ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. மாருதி 800 கார் 1983 டிசம்பரில் வந்தது. அடுத்த வருடமே 'மாருதி வேன்' வந்தது. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் குடும்பங்களுக்கான மினிவேனை அறிமுகப்படுத்தியதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். 1988-ல் 'ஆம்னி' என்று பெயர் மாறிய நம் வேன், 2019 வரை 35 வருடங்கள் உற்பத்தியில் இருந்தது. சினிமாவில் கதாநாயகியைக் கடத்த வரும் வண்டி என்று நாம் சிரித்தாலும், நிஜத்தில் அது பள்ளிக்கூட வேன், ஆம்புலன்ஸ், காய்கறி வண்டி, கல்யாண வண்டி. மோதல் பாதுகாப்புக்கான புதிய விதிகள் வந்தபோது அதற்கேற்ப இந்த வடிவத்தை மாற்ற முடியாமல் உற்பத்தி நின்றது.

உற்பத்தி நின்றாலும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆம்னிக்கும் பழைய மாருதி 800-க்கும் ஒரே 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் குடும்பம் என்பதால் உதிரி பாகங்கள் கிடைப்பதில் பெரிய சிரமம் இல்லை. எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. ஒரு காலத்தில் டிராவல்ஸ்காரர்களும் கூட்டுக் குடும்பங்களும் விரும்பி வாங்கிய செவ்ரோலே டவேராவைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ், 2017-ம் வருடக் கடைசியோடு இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டது.

ரீகால் எப்போது வரும்?

அதே டவேராதான் இந்தியாவில் ரீகால் பற்றிப் பலரும் பேசக் காரணமானது. தயாரிப்பில் குறை இருந்தால் நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தருவதுதான் ரீகால். 2013 ஜூலையில், 2005 முதல் 2013 வரை தயாரான சுமார் 1,14,000 டவேராக்களைத் திரும்ப அழைப்பதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. புகை அளவிலும் தொழில்நுட்ப விவரங்களிலும் விதிமுறைக்குப் பொருந்தாத பிரச்னை இருந்ததுதான் காரணம்.

அப்போது ரீகால் செய்வது நிறுவனங்கள் தாங்களாக ஏற்றுக்கொண்ட நடைமுறை மட்டுமே. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு 110ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தன. அதே வருடம் செப்டம்பரில் எர்டிகா உள்ளிட்ட 1,81,754 பெட்ரோல் கார்களை மாருதி நிறுவனம் தானாகவே திரும்ப அழைத்துச் சோதித்தது.

ஆனால், அந்த விதிகளில் ஒரு வரம்பு இருக்கிறது. ஏழு வருடங்களுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் இந்தக் கட்டாய ரீகால். அமெரிக்காவில் இலவச ரீகால் ரிப்பேருக்கான வரம்பு 15 வருடங்கள். இங்கே பிரச்னைகள் வரிசைகட்டத் தொடங்கும் வயதில், சட்டத்தின் கை வண்டியை விட்டுவிடுகிறது. 2010-ல் வாங்கிய வேன் எத்தனை முறை நின்றாலும் எந்த நிறுவனமும் அழைக்கப் போவதில்லை. அதற்கு ரீகால் கொடுக்க வேண்டியவர் அதன் உரிமையாளர்தான்.

மகள் போட்ட நோட்டு

நெமிலிச்சேரி வீட்டில் அதைத் தொடங்கியவர் மூத்த மகள். கல்லூரியில் படிக்கும் அவர் நான்கு ஒர்க் ஷாப் பில்களையும் ஒரு நோட்டில் வரிசையாக ஒட்டினார். தேதி, ஓடிய கிலோமீட்டர், என்ன புகார், எதை மாற்றினார்கள் என்று பக்கத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் அவரே அப்பாவிடம் கேட்டார்: "அப்பா, நாலு தடவையும் ஹீட்டுதான். ஒருத்தர்கூட ஏன் ரேடியேட்டரைப் பார்க்கல?"

அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. ஒவ்வொரு ஒர்க் ஷாப்புக்கும் வண்டி முதல் முறை வந்த நோயாளி. பழைய மருத்துவச் சீட்டு இல்லாமல் புதுப்புது டாக்டரிடம் போனால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது.

அந்த நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. பிரேக் ஆயில் குறைந்ததாக எட்டு மாதங்களில் மூன்று முறை ஊற்றியிருந்தார்கள். மூன்று முறையும், "கொஞ்சம் குறைஞ்சிருக்கு சார், டாப்-அப் பண்ணிட்டோம்" என்ற ஒரே வரி. பிரேக் லைனிங் தேயத் தேய ஆயில் மட்டம் சிறிது இறங்குவது இயல்பு. ஆனால் அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பட்டாபிராம் மெக்கானிக் பின் சக்கரத்தைக் கழற்றினார். வீல் சிலிண்டர் கசிந்து, பிரேக் ஷூ முழுக்க ஆயில்.

"ஹீட் ஆனா வண்டி நிக்கும் சார். இது போனா வண்டி நிக்காது" என்றார் அவர்.

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரி வழியாகத்தான் செல்கிறது. லாரிகள் சீறும் அந்தச் சாலையில்தான் குடும்பத்தோடு மாதம் ஒருமுறையாவது போய்வந்தது இந்த வேன். அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

உங்கள் வண்டி நோட்டில் என்ன இருக்க வேண்டும்?

* ஒவ்வொரு ரிப்பேருக்கும் தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகத்தின் பெயர். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

* ஒரே புகார் இரண்டாவது முறை வந்தால் "எதை மாத்தணும்?" என்று கேட்காதீர்கள். "ஏன் மறுபடி வந்துச்சு?" என்று கேளுங்கள்.

* கூலன்ட், இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில் மூன்றும் எவ்வளவு குறைகின்றன என்று மாதம் ஒருமுறை குறியுங்கள். இன்ஜின் ஆயில் காபி நிறத்தில் நுரைத்தாலோ, சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வந்தாலோ ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள்.

* பெட்ரோல் வாசனை, பிரேக், ஸ்டீயரிங், அடிப்பாகத் துரு. இந்த நான்கில் எது வந்தாலும் அதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கக் கூடாது.

* பில் இல்லாமல் ரிப்பேர் வேண்டாம். காசு வாங்கிச் செய்யும் ரிப்பேரும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவைதான். வேலையில் குறை இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடங்களுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் அங்கே கட்டணமும் கிடையாது.

வைத்திருப்பதா, விற்பதா?

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடங்களுக்குச் செல்லும். அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருடங்களாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் காருக்கு இந்தக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. டெல்லிப் பகுதியில் பழைய வண்டிகளுக்குப் போட்ட தடையைக் கேள்விப்பட்டு இங்கேயும் பலர் பயப்படுகிறார்கள். அந்தத் தடை தமிழ்நாட்டுக்கு இல்லை.

நெமிலிச்சேரி வேன் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. 2030 வரை அதற்கு ஆயுள் இருக்கிறது, காகிதத்தில். ரேடியேட்டர் புதிது, தெர்மோஸ்டாட் திரும்ப வந்துவிட்டது, பிரேக் சிலிண்டர்கள் மாற்றப்பட்டன. போர் தண்ணீருக்குத் தடை.

ஆனாலும், ஏர்பேக் இல்லாத வண்டி அது. டிரைவரின் முழங்காலுக்கு முன்னால் இருப்பது மெல்லிய தகடு மட்டுமே. எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாத விஷயம் இது. அதனால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவெடுத்தார்கள். வெளிவட்டச் சாலை, நெடும்பயணம், இரவுப் பயணம் மூன்றும் இனி வேனில் கிடையாது. திருத்தணிக்கு ரயில். ஆஸ்பத்திரி, மார்க்கெட், பக்கத்துக் கல்யாண மண்டபம் மட்டும் வேனுக்கு. அடிச்சட்டத்தில் துரு ஏறிவிட்டது என்று நோட்டில் எழுதும் நாள்தான் அதன் கடைசி நாள். அன்று வேறு யார் தலையிலும் கட்டாமல் அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார் மகள்.

கடந்த வாரம் பாட்டிக்கு மூட்டு டாக்டரிடம் செக்கப். கதவைத் தள்ளித் திறந்து வழக்கம்போல ஏறி உட்கார்ந்தார்.

"என்னப்பா, இன்னைக்கு எங்க நிக்கும்?" என்றார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும்மா" என்று சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்புவதற்கு முன் பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார் மகன்.