ஸ்டிக்கரைப் பார்க்காதே, அடியில் குனிந்து பார்!

ஒரே வண்டியை இரண்டு கம்பெனிகள் இரண்டு பெயரில் விற்றால் போதும், "காப்பிடா, வெறும் ஸ்டிக்கர் வேலை" என்று நம் ஹாஸ்டலில் தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். இதை நான் ஒத்துக்க மாட்டேன். நிஸ்ஸான் டெரானோ 2 என்ற ஜீப் வகை வண்டியை சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

ஃபோர்டும் நிஸ்ஸானும் கூட்டுச் சேர்ந்து 1993-ல் ஐரோப்பாவில் இறக்கிய வண்டி இது. வடிவமைத்தது இத்தாலியின் டூரின் நகரத்து டிசைன் நிறுவனம். தயாரானது ஸ்பெயினில், பார்சிலோனாவில் இருந்த நிஸ்ஸான் தொழிற்சாலையில். அதே வண்டி ஃபோர்டு ஷோரூமில் நின்றால் பெயர் மேவரிக். முன் கிரில், சின்னம் மாதிரி சில்லறை மாற்றங்கள்தான். இதில் யார் யாரைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள், சொல்லுங்கள்? பாடிக்கான பிரஸ் டை செய்கிற செலவு, ஆயிரம் வண்டி விற்றாலும் லட்சம் வண்டி விற்றாலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வதில் என்ன தப்பு?

அடியில் குனிந்தால் ஏணிச் சட்டம், அதாவது லேடர் ஃபிரேம். முன்னால் டார்ஷன் பார். காயில் ஸ்பிரிங் நிற்கிற இடத்தை அடைக்காமல், முன்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டுக்கு வழி விடுகிறது. பின்னால் ஒரே ஆக்சில், காயில் ஸ்பிரிங்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். வளைவில் முன்சக்கரங்கள் பெரிய வட்டம் போடும், பின்சக்கரங்கள் சின்ன வட்டம். ஆனால் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. லீவரைப் போட்டுவிட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாகணும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைச் சரி பண்ணிடும். காய்ந்த தார் ரோட்டில் எங்கே வழுக்கும்? முறுக்கு முழுக்க ஷாஃப்டுக்குள் ஏறும். அப்படியே ஓட்டினால் மேவரிக் என்று எழுதியிருந்தாலும் கெடும், டெரானோ என்று எழுதியிருந்தாலும் கெடும்.

எங்கள் வீட்டில் டிராயிங் போர்டு தூக்கிய முதல் ஆள் நான். அதனால்தான் இந்தக் "காப்பி" பேச்சு சுடுகிறது. நாளைக்கு நாம் வேலைக்குப் போனால் யாரோ போட்ட டிராயிங்கைத்தான் கையில் கொடுப்பார்கள். அது கேவலம் என்றால் நம் டிப்ளமோவுக்கு என்ன மரியாதை?

கம்பெனிக்காரர்கள்மேல் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. டிசைனைப் பங்கு போடுங்கள், பெயரை வைத்து ஆளை ஏமாற்றாதீர்கள். 2013-ல் நம் சென்னைப் பக்கத்து ஒரகடத்திலிருந்து இன்னொரு டெரானோ வந்தது. அது ரெனால்ட் டஸ்டரின் மறுபெயர். ஏணிச் சட்டமும் இல்லை, ஃபோர் வீல் டிரைவும் இல்லை, முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். பழைய பெயரை நம்பி அதை ஆற்று மணலில் இறக்கினவருக்கு டிராக்டர்தான் துணை!