அவதாரம் வேண்டாம், அமைப்பு மாறட்டும்!

காவல் நிலையத்தில் ஒருவன் அடிபட்டு மாண்டான் என்ற சேதி வரும்போதெல்லாம், "என்ன செய்வது, நல்ல அதிகாரி வாய்க்கவில்லை!" என்று பெருமூச்செறிவோர் உளர். நேர்மைமிக்க ஒருவர் வருவாராம், தீயோர் நடுங்குவராம், நீதி தழைக்குமாம்! தோழர்களே, இது புராணம் கேட்டுப் பழகியோர் பேச்சு. அவதாரத்துக்காகக் காத்திருந்தவர்கள், இன்று கடவுளுக்குக் காக்கிச்சட்டை மாட்டிப் பார்க்கின்றனர், அவ்வளவே!

பகுத்தறிவாளன் காரணத்தைத் தேடுவான். வரி தண்டவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் மக்கள் வதைக்கப்பட்டதை, 1855இலேயே சென்னை மாகாணத்து விசாரணைக் குழு எடுத்துரைத்தது. வரி தண்டுவோர் கையிலேயே காவல் அதிகாரமும் இருந்தது! 1859இல் இங்கு தனிக் காவல் துறைக்குச் சட்டம் பிறந்தது. 1861இல் இந்தியக் காவல் சட்டம் வந்தது. 1857 கிளர்ச்சி கண்டு மிரண்ட ஆட்சி, மக்களுக்குப் பணிபுரியும் துறையையா விரும்பும்? மேலிடத்துக்குப் பணியும் படையையே விரும்பிற்று.

வெள்ளையர் போயினர், வார்ப்பு போகவில்லை. காலையில் ஊர்வலத்துக்குப் பந்தோபஸ்து, மாலையில் அமைச்சர் வருகை, இரவில் ரோந்து. இடையே கொலை வழக்கையும் துலக்க வேண்டும்! தடயம் தேட நேரமற்றவன் தடியைத் தேடுகிறான். மேலிடம் முகம் சுளித்தால் மாற்றல் உத்தரவு. இந்த அமைப்பில் உத்தமனும் எத்தனை நாள் நிற்பான்?

2006 செப்டம்பர் 22இல், பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் மருந்து கூறிற்று: முக்கியப் பொறுப்பினருக்கு ஈராண்டுப் பதவிக்காலம், புலன்விசாரணைக்கும் சட்டம் ஒழுங்குக்கும் தனித்தனிப் பிரிவு, ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் புகார் ஆணையம். தமிழ்நாடு 2013இல் இயற்றிய சட்டமோ, மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும், மாவட்டத்தில் ஆட்சியரையும் தலைவராக்கிற்று. காவல் கண்காணிப்பாளரை உறுப்பினராக்கிற்று! ஆட்டின் முறையீட்டைக் கேட்க ஓநாய்க்கும் ஓர் ஆசனமா?

2020இல் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலில் வதைபட்டு மாண்டனர். உயர்நீதிமன்ற மதுரைக்கிளை தலையிட்டது. பெண் காவலர் ஒருவர் அஞ்சாது நடுவர்முன் சாட்சியம் அளித்தார். போற்றுவோம் அவரை! ஆனால், அந்த ஒருவர் அஞ்சியிருந்தால்? ஒருவரின் நெஞ்சுரத்தில் தொங்கும் நீதி, நீதியா, அதிர்ஷ்டமா?

காவலரைத் தூற்றுவது நம் நோக்கமன்று. ஓய்வின்றி உழலும் காவலரும் இவ்வமைப்பின் கைதிகளே. மேடைதோறும் கேளுங்கள்: விசாரணையைப் பிரித்தீர்களா? பதவிக்காலத்தை உறுதிசெய்தீர்களா? புகாரை விசாரிக்க நீதிபதியை அமர்த்தினீர்களா? விடை வரும்வரை கேளுங்கள். நல்லவர் வருவார் என்று காத்திருந்தது போதும். நல்லவரும் அல்லவரும் ஒருபடித்தாய் அடங்கி நடக்கும் அமைப்பைக் காண்போம்!