மூன்று சிறு தழும்புகளும் ஒரு கையொப்பமும்

"சின்ன ஒப்பரேசன்தான். காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகலாம்." லப்பரஸ்கோப்பி எனப்படும் வயிற்றுள்நோக்கிச் சிகிச்சைக்குத் திகதி குறிக்கப்பட்ட எமது பெண்களிடம் வைத்தியசாலையில் முதலிற் கூறப்படுவது பெரும்பாலும் இதுதான். கூற்றிற் பொய்யில்லை. ஆயினும் இவ்வசனம் எமது வீடுகளுக்குள் வந்ததும் அதற்கு வேறொரு பொருள் ஏறிவிடுகின்றது. சின்னது என்றால் ஓய்வு தேவையில்லை. ஓய்வு தேவையில்லை என்றால் மறுநாட் சமையலும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதும், மாலையிற் கட்டடம் துப்புரவு செய்யும் வேலையும் வழமைபோல் நடக்கலாம். வெட்டின் நீளத்தைக் கொண்டு சிகிச்சையின் பாரத்தை அளக்கும் இப்பழக்கம் பிழையானது.

இந்தச் சிகிச்சைமுறை, நாம் தஞ்சமடைந்த நாடுகளிலேயே வளர்ந்தது. 1910இல் ஸ்ரொக்ஹோமில் யாக்கோபேயுஸ் இதனை மனிதரிற் கையாண்டு அறிக்கையிட்டார். ஜேர்மன் ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த பரிசில், 1940களில், ராவுல் பால்மர் இதனைப் பெண்நோயியலுக்கு உரியதாக்கினார். 1978இற் பிறந்த முதலாவது சோதனைக்குழாய்க் குழந்தைக்கான முட்டையை இங்கிலாந்தில் பற்றிக் ஸ்ரெப்ரோ இம்முறையாலேயே எடுத்தார். இன்று தீராத அடிவயிற்று வலி, சூலகக் கட்டி, பிள்ளைப்பேறின்மை, கருப்பைக்கு வெளியே தங்கிய கரு, கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் வெளியே வளரும் எண்டோமெற்றியோசிஸ் ஆகியவற்றுக்கு இது அன்றாடச் சிகிச்சை.

நடப்பது இதுதான். முழு மயக்கம் கொடுக்கப்படும். ஆகவே முன்னர் ஆறு மணிநேரம் உணவு கூடாது. தொப்புளில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வெட்டு. அதன்வழியே கரியமிலவாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பவைத்துக் கமராவை இறக்குவர். அடிவயிற்றில் மேலும் இரண்டு மூன்று சிறு துளைகள். பெரும்பாலும் கருப்பையை அசைப்பதற்காக யோனிவழியாகவும் ஒரு கருவி வைக்கப்படும். இதனை முன்கூட்டிச் சொல்லாதுவிட்டால், கண்விழித்த பெண் தனக்கு ஏன் குருதி கசிகின்றது என்று திகைப்பாள். சில நாட்கள் அவ்வாறு கசிவது வழமையே. குழாய்களிற் சாயம் செலுத்திப் பரிசோதித்திருந்தால் நீலநிறக் கசிவும் காணப்படலாம். சுவாசக் குழாய் வைத்திருந்தமையாற் தொண்டை நோகும்.

எமது பெண்களை அதிகம் அச்சுறுத்துவது தோள்மூட்டு வலி. வயிற்றிலே சிகிச்சை செய்துவிட்டு வந்தவளுக்குத் தோள் ஏன் வலிக்கவேண்டும்? மாரடைப்போ என்று இரவிரவாக அழுதவர்களை நான் அறிவேன். எஞ்சிய வாயு பிரிமென்றகட்டை உறுத்துகின்றது. அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் நோவு தோளில் உணரப்படுகின்றது. ஓரிரு நாட்களில் அது அடங்கும்; மெல்ல எழுந்து நடப்பது உதவும். மூச்சுத் திணறல் இருந்தாலோ அது வேறு விடயம். உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லவேண்டும்.

இன்னொன்றையும் வீட்டில் உள்ள எல்லோரும் அறிந்திருக்கவேண்டும். நோவு நாளுக்கு நாள் குறையவேண்டும். மாறாகக் கூடினால், காய்ச்சல் அடித்தால், வாந்தி நிற்காவிட்டால், சிறுநீர் கழியாவிட்டால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால் காத்திருத்தல் கூடாது. குடல், சிறுநீர்ப்பை, பெரிய குருதிக் கலன்கள் காயப்படுவது அரிது. நோயறிதலுக்கான சிகிச்சையில் ஆயிரத்தில் இருவர் அளவில் என்று பிரித்தானிய மருத்துவர்கள் கூறுவர். ஆனாற் குடற் காயம் சிலவேளைகளில் வீடு திரும்பிய பின்னரே வெளிப்படும். "சின்ன ஒப்பரேசனுக்கு இவ்வளவு முனகலா?" என்று கேட்கும் வீட்டில் அவள் வாய்திறக்கமாட்டாள். ஆபத்து அங்கேதான்.

பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தொரு நாள் ஓய்வும் சரக்குக் கறியும் கொடுத்த சமூகம் நாம். சூலகக் கட்டி அகற்றப்பட்டவளுக்கு ஏன் இரண்டு வாரம் கொடுக்க முடியாது? வெறுமனே உள்ளே பார்த்துவிட்டு முடித்திருந்தால் ஒரு வாரத்தில் வேலைக்குப் போகலாம். கட்டி அகற்றியிருந்தால் இரண்டு மூன்று வாரங்கள், கருப்பையையே அகற்றியிருந்தால் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதுவரை தண்ணீர் வாளியையும் அரிசி மூட்டையையும் ஐயாமார் தூக்கட்டும். ஊரில் அம்மாவும் மாமியும் சின்னம்மாவும் செய்ததை இங்கே செய்வதற்குக் கணவரைத் தவிர வேறு எவர் இருக்கின்றனர்?

இனி மொழிபெயர்ப்பு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தித் தாயின் மாதவிலக்கையும் தாம்பத்திய உறவையும் பற்றிப் பேசவைப்பது கொடுமை. பிள்ளை பாதியை விழுங்கிவிடும். தாய் மீதியைச் சொல்லமாட்டாள். நோர்வேயில் 2022இல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், அவசர நிலை போன்ற விதிவிலக்குகள் தவிர, பொதுநிறுவனங்கள் பிள்ளைகளை இதற்குப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றது. பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவையின் மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளி பணம் செலுத்தவேண்டியதில்லை. ஜேர்மனியில் நிலைமை மோசம். பொதுக் காப்புறுதி இதற்குப் பொதுவாகப் பணம் கொடுப்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் எம்மவராய் இருந்தால் கதை கோயில்வரை போய்விடும் என்று அஞ்சுவோர் பலர். அவ்வச்சத்தை நான் பழிக்கமாட்டேன். வேறு நகரத்திலிருந்து தொலைபேசியில் பேசும் பெண் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். உங்கள் பெயரை அவருக்குச் சொல்லவேண்டாம் என்றும் கேட்கலாம்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் அந்தச் சம்மதப் பத்திரம். தேவையேற்படின் வயிற்றைத் திறந்து சிகிச்சை செய்யவும், சிலவேளை சூலகத்தை அகற்றவும் அது இடமளிக்கக்கூடும். 2013 ஓகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களிற் பெண்களை நிர்ப்பந்தித்துக் கருத்தடைக் குச்சிகள் பொருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அத்தகைய செய்திகளைக் கேட்ட பெண், மயக்கத்தில் தனக்கு என்ன செய்வார்களோ என்று ஐயுறுவது அறியாமையன்று. அவள் கேட்கவேண்டிய கேள்வி எளிது: எதை அகற்றுவீர்கள், எதை என் அனுமதியின்றி அகற்றமாட்டீர்கள்? இக்கேள்விக்குரிய விடை அவளுடைய மொழியிற் கிடைக்கும்வரை கையொப்பம் வேண்டாம். அவள் விரும்பாத ஒன்றைப் பத்திரத்தில் வெட்டி எழுதுவிக்கவும் அவளுக்கு உரிமையுண்டு.

அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளோர் கவனத்துக்கு ஒன்று. முழு மயக்கத்தின் பின் இருபத்துநான்கு மணிநேரம் வாகனம் ஓட்டக் கூடாது, முக்கிய பத்திரங்களிற் கையொப்பமிடக் கூடாது, வீட்டில் ஒருவர் துணையிருக்கவேண்டும் என்பது வழமையான அறிவுறுத்தல். தஞ்ச விசாரணை அந்நாட்களில் விழுந்தால், வைத்தியரிடம் கடிதம் பெற்றுச் சட்டத்தரணியூடாகத் திகதியை மாற்றக் கேளுங்கள். மருந்து மயக்கத்திலும் நோவிலும் மாறிச் சொன்ன ஒரு திகதி பின்னர் முரண்பாடு எனக் கோப்பிற் பதியப்படலாம். சிகிச்சை அறிக்கையினதும் இழையப் பரிசோதனை முடிவினதும் பிரதியைக் கேட்டு வாங்கி, விசாப் பத்திரங்களோடு ஒரே உறையில் வையுங்கள். முகாம் மாற்றப்பட்டால் அடுத்த ஊர் வைத்தியருக்குக் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அதுதான்.